கேட் கத்தவில்லை

...வெளியே போயிருந்தால் கேட் கத்தியிருக்க வேண்டும், கேட் கத்தவில்லை, ஆகவே பெட்டி வெளியே போகவில்லை, வெளியே போகவில்லை என்றால் உள்ளே இருக்க வேண்டும், ஆனால் உள்ளே இல்லை... காலையிலிருந்து இதே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. எங்கோ ஒரு கண்ணி பொய். எது? மருந்துக் கிடங்கின் நடுவில், கூரை வரை எழும்பி நிற்கும் ரேக்குகளுக்கு இடையில் நின்றுகொண்டு, கையிலிருந்த திரையை மறுபடி பார்த்தாள். குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப், இந்த வாரம் வந்த சரக்கு, எல்லாப் பெட்டிகளும் பச்சை, எல்லாம் உள்ளே. எல்லாம் உள்ளே என்று திரை சொல்கிறது, ரேக்கில் எண்ணினால் ஒன்று குறைகிறது. வேறு எந்த நாளாக இருந்தாலும் இது ஒரு தலைவலி மட்டும்தான், ஏதாவது மூலையில் கிடக்கும், நாளைக்குக் கிடைக்கும் என்று விட்டுவிடலாம். இன்று காலை மருந்துக் கம்பெனியிலிருந்து அவசரத் தகவல் வந்திருந்தது. அந்தச் சரக்கில் லேபிள் குழந்தைக்கு, உள்ளே இருப்பது பெரியவர்களுக்கான வீரியம். ஒரு பாட்டிலும் யார் கைக்கும் போகக் கூடாது. அப்பாடா, இன்னும் எந்த ஆஸ்பத்திரிக்கும் அனுப்பவில்லை என்று எல்லோரும் மூச்சு விட்ட கையோடு எண்ணிப் பார்த்தார்கள், ஒன்று குறைந்தது. ஒரு பெட்டி. அந்த ஒரு பெட்டிக்குள் எத்தனை பாட்டில், ஒரு பாட்டிலுக்குள் எத்தனை கரண்டி, கரண்டியில் ஊற்றி, ஆ காட்டு, ஆ காட்டு என்று கெஞ்சும் யாரோ ஒருத்தி... வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, கேட்டைப் பற்றி மட்டும் யோசி.

மேனேஜர் மறுபடியும் வந்தார். நடந்து வரும்போதே கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டு வந்தார், அப்படித் துடைத்தால் அவர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். "என்னம்மா, கம்பெனிக்காரன் பதில் கேக்கறான். உள்ள இருக்கு, தேடிட்டிருக்கோம்னு எழுதிடலாமா? உன் சிஸ்டமே அப்படித்தானே சொல்லுது." உன் சிஸ்டம். நன்றாக ஓடும் நாளில் நம்ம சிஸ்டம், வில்லங்கம் வந்தால் உன் சிஸ்டம். இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்க சார் என்றாள். "நேரம் குடுக்கறேன், ஆனா எதுக்கு? கேட் பொய் சொல்லாதுன்னு நீதானே எல்லார் முன்னாடியும் சொன்னே?" சொன்னாள்தான். பெட்டி வெளியே போனால் கத்தும் இந்தக் கேட்டை அவள் மாட்டிய புதிதில், சந்தேகப்பட்டவர்கள் எல்லோரையும் நிற்க வைத்து, டேக் ஒட்டிய பெட்டியைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோகச் சொல்லி, முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் கேட் வீல் வீல் என்று கத்த, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகொட்டிச் சிரித்தவள் அவள். அன்றிலிருந்துதான் அவளுக்கு ஆன்டெனா மேடம் என்று பேர். சரி, நேற்று வெளியே போன லாரிகள் எல்லாவற்றையும், அவை போன ஊர்கள் எல்லாவற்றையும் கூப்பிட்டு எச்சரித்துவிடலாமே என்று காலையிலேயே கேட்டுவிட்டாள். அவர் பிடரியைத் துடைத்துக்கொண்டார். எந்த ஆதாரத்துல? கேட் கத்தலைங்கறதுதானே நம்மகிட்ட இருக்கற ஒரே ஆதாரம், அது பெட்டி உள்ள இருக்குன்னு சொல்லுது, அதை மீறிப் பத்து ஊரைக் கலக்கினா நாளைக்கு உன் கேட்டை யாரு நம்புவா, என்னை யாரு நம்புவா? அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கணக்கு சரியாக இருக்கும்போதும் பயம் போகவில்லை என்றால் தவறு கணக்கிலா பயத்திலா? சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் பதில் போயாக வேண்டும். உள்ளே என்று எழுதிவிட்டால் அதன் பிறகு யாரும் வெளியே தேட மாட்டார்கள்.

முதலிலிருந்து வா, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பொறுமையாக, யாருக்கோ சொல்லிக் கொடுக்கிற மாதிரி. டேக் என்பது என்ன? பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய ஒரு காகிதத் துண்டு, அதற்குள் மயிரிழைபோல் வளைந்து ஓடும் உலோகக் கோடு, நடுவில் எள்ளளவு சில்லு. பேட்டரி கிடையாது. சும்மா விட்டால் காலம் பூராவும் தூங்கும். கேட்டில் இருக்கும் ரீடர் ரேடியோ அலையை அனுப்பும், அந்த அலையே டேக்குக்குச் சாப்பாடு, அதை விழுங்கிக் கண் விழித்து, நான் இன்ன பெட்டி என்று தன் எண்ணைச் சொல்லிவிட்டு, அலை நின்றதும் திரும்பத் தூங்கிவிடும். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும், இன்றைக்குக்கூட அந்தப் பதற்றத்துக்கு நடுவில் லேசாக வந்தது, வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. கிடங்கில் இரண்டு கேட். ரேக்குகளைத் தாண்டி லாரி ஏற்றும் தளத்துக்கு வரும் இடத்தில் உள் கேட், அது கத்தாது, இந்தப் பெட்டியை இங்கே கண்டேன் என்று மட்டும் பதிந்துகொள்ளும். போகிறதா வருகிறதா என்றுகூட அதற்குத் தெரியாது. தளத்தின் மறு முனையில் லாரி நிற்கும் கதவில் வெளி கேட், அதுதான் கத்துவது, அன்றைய ஆர்டரில் இல்லாத மருந்துப் பெட்டி எதுவும் அதைத் தாண்டினால் கிடங்கே அதிரும். காணாமல் போன பெட்டியை நேற்று உள் கேட் கண்டிருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. யாராவது எடுத்துட்டு வந்து திரும்ப வேற ரேக்ல வச்சிருப்பாங்க என்று மேனேஜர் சொன்னார், அதனால்தான் காலையிலிருந்து எல்லா ரேக்கும் தலைகீழானது. ஆனால் ஏன் எடுத்துவர வேண்டும், ஆர்டரே இல்லாத பெட்டியை?

கேட் கத்தாமல் இருக்க என்னென்ன வழி? தண்ணீர், ரேடியோ அலையைத் தண்ணீர் குடித்துவிடும், சிரப்பும் தண்ணீர்தான், அதற்காகத்தானே சிரப் பெட்டிகளுக்கு மட்டும் டேக்குக்கு அடியில் ஸ்பாஞ்சு வைத்து ஒட்டச் சொல்லியிருக்கிறாள். உலோகம், தகரத்துக்குப் பின்னால் போனால் அலை பட்டுத் தெறித்துவிடும், ஆனால் நேற்று தகர டப்பா எதுவும் ஏற்றவில்லை. டேக் கிழிந்திருக்குமோ? கிழிந்த டேக்கை உள் கேட் எப்படிக் கண்டது? மழை... நேற்று மழை கொட்டு கொட்டென்று கொட்டியது, ஷட்டருக்கு அடியில் தண்ணீர் புகுந்து தளத்தில் பாதி குளமாகிவிட்டது என்றார்கள், அவள் நேற்று லீவு, ஏன் லீவு போட்டாள், போட்டிருக்காவிட்டால்... போட்டிருக்காவிட்டால் மட்டும் என்ன, கேட்டுக்குக் காவல் நின்றிருப்பாளா? ஈரத் தரையில் அலை வேறு மாதிரிப் பிரதிபலிக்கலாம். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வெளி கேட்டுக்கு அடியில் ஊற்றினாள். சிரப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரேக்கிலிருந்து கிளம்பி, உள் கேட்டைத் தாண்டி, வழக்கப்படி தளத்தின் நடுவில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்குள் பெட்டியை இறக்கி வைத்து, எந்தச் சரக்கும் லாரிக்குப் போகும் முன் அங்கே நின்று கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப்பட வேண்டும் என்பது அவள் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் விதி, பிறகு எடுத்துக்கொண்டு ஈரத்தில் சளக் சளக்கென்று நடந்து கதவுக்குப் போனாள். வீல்! மறுபடி. வீல்! பெட்டியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு. வீல்! லாரிக்காரர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். "மேடம், பெட்டியைத் திருடறதுன்னா சத்தமில்லாம திருடுங்க, இல்லன்னா விடுங்க, சோறு இறங்க மாட்டேங்குது." சிரித்தாள், சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவை கேட் கத்தும்போதும் அது அவள் பக்கம் சாட்சி சொல்கிறதா எதிராகச் சொல்கிறதா என்று புரியவில்லை. கேட் நன்றாக வேலை செய்கிறது. அதனால் பெட்டி உள்ளே. அதனால் அவள் பயப்படுவது முட்டாள்தனம். அப்படித்தானே?

ராக்கெட் என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர் மேல் ரேக்கிலிருந்து ஃபோர்க்லிஃப்டை இறக்கிக்கொண்டு வந்தார். கிடங்கிலேயே மெதுவாக வண்டி ஓட்டுபவர் அவர்தான், அதனால்தான் அந்தப் பேர், கண்ணாடிச் சாமான் ஏற்றினாலும் கல் ஏற்றினாலும் ஒரே நடை. "மேலயும் இல்ல மேடம். இனிமே ஓட்டைப் பிரிச்சுத்தான் பார்க்கணும்." முகம் கழுவாதவர் மாதிரி இருந்தார். நேற்று பகல் ஷிஃப்ட் அவருடையது. நீங்க ஏதாவது பார்த்தீங்களா என்று காலையில் கேட்டதற்கு, "வெளிய போகல மேடம், போயிருந்தா கேட் கத்தியிருக்குமே" என்றார், உடனே, கேள்வி முடிவதற்குள். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள், ஆனால் அவர் அதைச் சொன்னபோது தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வது போல... இல்லை, அவளுக்கு இப்போது எல்லோர் முகமும் சந்தேகமாகத்தான் தெரிகிறது, கண்ணாடியில் பார்த்தால் அவள் முகமும் அப்படித்தான் தெரியும். வீட்டிலும் இப்படித்தான் ஆகிவிட்டது, போன வாரத்திலிருந்து கணவர் முகத்தையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு காலையில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே, "இந்த வீட்டை மாத்திடலாமா?" என்றார். அவள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள், ம், பாக்கலாங்க என்றாள். அவ்வளவுதான். இருவருமாகப் பார்த்துப் பார்த்து எடுத்த வீடு, ஜன்னல் வழியாக மரம் தெரியும் வீடு, ஏன் மாற்ற வேண்டும்? பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்கு உறைத்தது. அன்று சாயங்காலம், ஏங்க, புதுசா ஏதாவது விஷயமா என்று கேட்டாள், ஒண்ணுமில்லையே என்றார். மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும், அவர் டீவி பார்க்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, துணி மடிக்கும்போது கூடவே நின்று, என்ன, ஏதாவது சொல்லணுமா? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. மனதில் இருப்பதைச் சொல்லாத மனிதர் இல்லை அவர். பின்னே?

செல் அடித்தது, அவர்தானோ என்று பதறி எடுத்தாள், மேனேஜர். பெட்டியை அணைத்துக்கொண்டு உள் கேட்டுக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றபடி கேட்டாள். கம்பெனியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்களாம், ஒரு வரி போதுமாம், உள்ளே அல்லது வெளியே, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறார்களாம், அவர் டைப் பண்ணி வைத்துவிட்டாராம், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி, நீ ஒரு வார்த்தை சரின்னு சொல்லும்மா, நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து தேடுவோம். சார், ஒரு நிமிஷம் சார், எனக்கு மனசு ஒப்பலை சார். மனசை எப்படிம்மா மெயில்ல அட்டாச் பண்றது என்றார் அவர், அலுத்துப்போய், கோபமாக இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பெட்டி கனத்தது, இந்தச் சிரப் பெட்டிகள் குட்டிக் குட்டியாக இருந்தாலும் செங்கல் கணக்காய்க் கனக்கும், கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் பேசிக்கொண்டே போனார், லாரிக்காரர் கதவிலிருந்து கத்தினார், "மேடம், உங்க வாளி, வண்டியைப் பின்னால எடுக்கணும், நசுங்கிடும்!" ஐயோ வாளி. செல்லைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பெட்டியோடு தளத்தைக் குறுக்கே கடந்து ஓட்டமும் நடையுமாகப் போய், கதவு நிலையைத் தாண்டி, குனிந்து வாளியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சரிம்மா, அனுப்பிடறேன் என்று காதில் மேனேஜர். லாரிக்காரர் அவளையே பார்த்தார். "என்ன மேடம், இந்தத் தடவை சத்தமில்லாம திருடிட்டீங்க."

கேட் கத்தவில்லை. அவள் நிற்பது வெளி கேட்டுக்கு வெளியே, கையில் ஆர்டரில் இல்லாத பெட்டி, டேக் கிழியவில்லை, கேட்டின் பச்சை விளக்கு எரிகிறது, கத்தவில்லை. சார், அனுப்பாதீங்க, தயவுசெஞ்சு அனுப்பாதீங்க, என்று சொல்லிச் செல்லை அணைத்தாள். உடம்பு மறைத்ததோ? மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தானே, குனிந்தபோது பெட்டி மடிக்குள் போயிருக்கலாம். சந்தேகத்தை மிச்சம் வைக்காதே. ஒரு தள்ளுவண்டியில் பெட்டியை வைத்தாள், டேக் வெளியே தெரிகிற மாதிரி. ரேக்கிலிருந்து கிளம்பி மஞ்சள் கோட்டில் நின்று கதவுக்குப் போனாள், வீல். திரும்பிப் போய் உள் கேட்டுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியை நிறுத்தினாள், நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள், பிறகு மஞ்சள் கோட்டில் நிற்காமல் ஒரே விரட்டாகக் கதவுக்கு ஓட்டினாள். அமைதி. இன்னொரு தடவை. அமைதி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், ஈரத்தில், புடவையைப் பற்றிக்கூட நினைக்காமல். ஏனென்றால் அது அவளுக்குத் தெரிந்த விஷயம், நன்றாகத் தெரிந்த, எத்தனையோ பேருக்கு வரைந்து காட்டிய விஷயம். ஒரு கேட்டுக்கு முன்னால் நூறு பெட்டி வந்து, நூறு டேக்கும் ஒரே நேரத்தில் கண் விழித்து நான் நான் என்று கத்தினால் ரீடருக்கு ஒன்றும் புரியாது. அதனால் ஒரு மரியாதை வைத்திருக்கிறார்கள், பதில் சொல்லிவிட்ட டேக் வாயை மூடிக்கொண்டு மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். ரீடரும், இதுவரை பதில் சொல்லாதவர்கள் மட்டும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கும். அலை மேலே பட்டுக்கொண்டிருக்கும் வரை, நான் சொல்லிவிட்டேன் என்ற நினைப்பு டேக்குக்கு இருக்கும். அலையை விட்டு விலகினால் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும், அடுத்த கேட்டில் புதிதாகக் கேட்பது போலப் புதிதாகச் சொல்லும். மறப்பதற்குள் அடுத்த கேட்டுக்குப் போய்விட்டால், ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்று அங்கே வாயே திறக்காது. அந்தக் கொஞ்ச நேரம்... அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் இத்தனை நாளும் மஞ்சள் கோடு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. கட்டு சரிபார்க்க யாரோ எப்போதோ போட்ட கோடு, அங்கே நிற்கும்போதுதான் டேக்குகள் மறந்திருக்கின்றன, அது கிடங்கில் யாருக்கும் தெரியாது, கேட்டை மாட்டிய அவளுக்கே தெரியாது. அவள் சட்டைக்குள் பெட்டியை ஒளிக்கச் சொன்னாளே தவிர, உள் கேட் பக்கத்தில் நின்றுவிட்டு ஓடு என்று யாரிடமும் சொல்லிப் பார்க்கவில்லை.

அப்படியானால் நேற்று ஏதோ ஒரு சரக்கு மஞ்சள் கோட்டில் நிற்கவில்லை. மழை, தளத்தில் தண்ணீர், கோடு இருக்கும் இடம்தான் பள்ளம். எழுந்து ராக்கெட்டிடம் போனாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றாள், முடியவில்லை. நேத்து தண்ணி புகுந்தப்ப ஏத்த வேண்டிய சரக்கை எங்கே நிறுத்துனீங்க? "இங்கதான் மேடம், உள் கேட் ஓரமா. அங்க முழங்கால் நனையுது, பஞ்சு, கட்டுத்துணியெல்லாம் ஊறிடும்ல." பஞ்சா? "ஆமா, பஞ்சு லோடு ஒண்ணுதான் வெயிட்டிங்ல இருந்துச்சு. லாரிக்காரன் ஹாரனை அமுக்கிட்டே இருந்தான், நானே நேத்து கொஞ்சம் வேகமா போனேன்." பஞ்சுப் பெட்டிகளுக்கு டேக் கிடையாது, மலிவான சாமானுக்கு டேக் ஒட்டிக் கட்டுப்படியாகாது. கேட்டைப் பொறுத்தவரை அது வெறும் காற்று. அந்தக் காற்றோடு ஒரு சிரப் பெட்டி எப்படி... வெளி கேட் கத்தாமலும் பெட்டி போகலாம், இப்பதான் பார்த்தேன், மூணு தடவை பார்த்தேன் என்றாள் அவள், மெதுவாக. ராக்கெட் ஃபோர்க்லிஃப்டின் சாவியைத் திருப்பி அணைத்தார். "மேடம்... பஞ்சு லேசு. ஃபேன் காத்துல அடுக்கு சரிஞ்சுடும். அதனால மேல வெயிட்டுக்கு எதையாவது தூக்கி வைப்போம், எல்லாரும்தான் வைப்போம். ஏத்தறதுக்கு முன்னாடி எடுத்துருவோம். நேத்து கைக்கு எட்டற ரேக்ல சிரப்தான் இருந்துச்சு." எடுத்தீங்களா? "எடுத்தேன்னுதான் நினைச்சேன். சத்தியமா. காலையில நீங்க கேட்டப்ப எடுத்த ஞாபகமே வரல, ஆனா கேட் கத்தலையே, அப்ப எடுத்திருப்பேன்னு..." அவர் உள் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப நான் எடுக்கலையா மேடம்?"

பஞ்சு லோடு எங்கே போனது என்று கேட்க வேண்டியதில்லை, திரையில் இருந்தது, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி. மேனேஜரிடம் கேட்கவில்லை, கேட்க நேரமில்லை, நேராக அந்த ஆஸ்பத்திரியைச் செல்லில் கூப்பிட்டாள். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடு, எடுத்துத் தொலை... ஒரு பெண் குரல், அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர், வாயில் எதையோ மென்றுகொண்டு. நேற்று வந்த பஞ்சோடு ஏதாவது சிரப் பெட்டி வந்ததா? "ஆமாங்க, வந்துச்சே, மேலேயே உக்காந்திருந்துச்சு. பில்லுல இல்ல. என்னடா கேக்காமலே தர்றாங்களேன்னு நினைச்சேன். திருப்பி வேணுமா?" பிரிச்சீங்களா? "பிரிச்சாச்சே." செல்லைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "குழந்தைங்க வார்டுல சிரப் தீர்ந்துபோச்சுன்னு இப்ப சாப்பாட்டுக்கு முன்னாடிதான் கேட்டாங்க, ஒரு பாட்டில் குடுத்துவிட்டேன்." லேபிளில் தப்பு, அது பெரியவர்களின் வீரியம், ஓடுங்க, ப்ளீஸ் ஓடுங்க என்றாள். மெல்லுவது நின்றது. ரிசீவரை மேசையில் போடும் சத்தம், நாற்காலி உரசும் சத்தம், செருப்புச் சத்தம் தூரமாகப் போய் மறைந்தது. லைன் திறந்தே இருந்தது. யாருமில்லாத ஓர் அறையின் சத்தம், மின்விசிறி, எங்கோ தள்ளுவண்டிச் சக்கரம், எங்கோ ஒரு குழந்தை அழுகிறது, குழந்தைகள் அழத்தான் செய்யும், ஆஸ்பத்திரியில் அழாமல் எங்கே அழும்... ராக்கெட் எதிரில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு. அவள் மனம் அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, ஓடிக்கொண்டே இருக்கையில் சம்பந்தமில்லாமல், ஷூ லேஸைக் கட்டும் கணவரின் குனிந்த பிடரி வந்து நின்றது. புதுசா ஏதாவது விஷயமா, புதுசா ஏதாவது... அவருக்கு அது புதுசு இல்லையே. அவர் சொல்லிவிட்டார், வீட்டை மாத்திடலாமா என்று. சொல்லாததை மட்டும் கேட்டால் ஒண்ணுமில்லை என்றுதான் வரும். அதுவும் பக்கத்திலேயே, விடாமல், உட்கார்ந்து, நின்று... ஏன் மாற்ற வேண்டும் என்றார்? அந்த வீட்டில் அவருக்கு என்ன? அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது மட்டும் இப்போது நன்றாகத் தெரிந்தது. செருப்புச் சத்தம்.

"இருக்கு." மூச்சு வாங்கியது அந்தக் குரலுக்கு. "கையில இருக்கு. சீலை உடைக்கல. நர்ஸ் டிரேல வச்சிருந்தா, டாக்டர் ரவுண்ட்ஸ் முடியட்டும்னு." மற்ற பாட்டில்? "பெட்டியிலதான், எல்லாம் இருக்கு, எண்ணிட்டேன், இருங்க, இன்னொரு தடவை எண்ணறேன்." எண்ணினார், வாய்விட்டு, அவளும் இந்தப் பக்கம் உதட்டுக்குள் கூடவே எண்ணினாள், குறையவில்லை. ராக்கெட்டைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் திரும்பி நின்று ஃபோர்க்லிஃப்டின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். மேனேஜர் மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தார், என்னாச்சும்மா, உள்ளயா வெளியயா? வெளியே சார், கிடைச்சிடுச்சு சார். அவர் கைக்குட்டையைத் தேடினார், கையிலேயே இருந்தது. "கேட் கத்தலையே?" கத்தலை சார். என் கேட்தான் சார், என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து வெளி கேட்டின் செட்டிங்கைத் திறந்தாள். கிடைத்தது ஒரு பெட்டி. இந்த ஒன்று குறைந்தது என்று இன்று எண்ணியதால் தெரிந்தது. எண்ணாத நாட்களில்? மழை பெய்த வேறு நாட்களில், அவசரமாகக் கிளம்பிய வேறு லாரிகளில், சத்தமில்லாமல் எதெது போனது என்று இனி யார் சொல்ல முடியும்? திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். ராக்கெட்டைக் கூப்பிட்டு, சிரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள் கேட் ஓரம் போய் நிற்கச் சொன்னாள், நான் சொன்னதும் கோட்டில் நிற்காம நேரா வாங்க, நேத்து வந்த மாதிரி, வேகமா. செட்டிங்கில் ஒரே ஒரு வரியை மாற்றிச் சேமித்தாள். வாங்க! அவர் வந்தார், இரண்டு கையிலும் பெட்டியை ஏந்திக்கொண்டு, வாழ்நாளில் ஓடாதவர் ஓடுவது போல. கேட் கத்தியது. மறுபடி போகச் சொன்னாள், மறுபடி ஓடி வந்தார், மறுபடி கத்தியது. வெளி கேட் முன்பு ஒரு கேள்விதான் கேட்டது, இதுவரை பதில் சொல்லாத பெட்டிகள் எவை என்று. இனி இரண்டு கேள்வி கேட்கும், மாற்றி மாற்றி, நாள் முழுக்க: முதலில், இதுவரை பதில் சொல்லாதவை எவை, அடுத்து, ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டவை எவை.